முதல் குவளையை நான் குடித்தேன்

தோட்ட மருத்துவ உதவியாளர்கள் இந்த ஆண்டு கொண்டுவரும் சிறப்பு மலருக்கு என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். வெயில் காலத்தில் தோட்டங்களில் நாங்கள் காய்ச்சிக் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரின் செய்முறை. பிள்ளைகள் டின்னில் வரும் பானங்களைக் குடித்துக் குடித்துச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோயோடு வருகிறார்கள், வீட்டில் செய்துகொள்ளும்படி ஏதாவது எழுதுங்கள் என்றார் மலர்க்குழுவிலிருந்து வந்த தம்பி. "பழைய ஆளுங்க இன்னும் அதைப் பத்திப் பேசுறாங்க ஐயா. டிரஸர் தண்ணின்னுதான் பேரே" என்று சொல்லிச் சிரித்தார். சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகு அது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

முதலில் கேட்டதைத் தந்துவிடுகிறேன். ஆறு குவளைத் தண்ணீர். செராய் என்கிற எலுமிச்சைப்புல்லின் தண்டு இரண்டு, அடிப்பாகத்தை மட்டும் நசுக்கியது. கட்டைவிரல் அளவு இஞ்சி. இரண்டையும் தண்ணீரில் போட்டு, தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். இறக்கி, மூடி, ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின்தான் எலுமிச்சை. கொதிநீரில் பிழிந்தால் கசக்கும்; தோலோடு போட்டு நசுக்கினாலும் கசக்கும். கஸ்தூரி எலுமிச்சையானால் எட்டு, சாதாரண எலுமிச்சையானால் மூன்று. புதினாவும் துளசியும் சேர்த்து ஒரு கைப்பிடி. இலையைக் கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்து, சுத்தமான கையால் கசக்கிப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் மணம் கூடும், ஆனால் இலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. உப்பு அரைத் தேக்கரண்டி. இனிப்பு, மலாய்க்காரர்கள் நிசான் என்று சொல்லும் பனைவெல்லம் கிடைத்தால் நல்லது. பானையை ஈரமணலில் வைத்து ஈரச்சாக்கைச் சுற்றினால் பனிக்கட்டி வேண்டியதில்லை. செய்ததை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். செய்முறை இவ்வளவுதான். இது மட்டும் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கெடாவில், அலோர் ஸ்டாரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் மருத்துவமனையில் கட்டுப் போடவும் ஊசி போடவும் மருந்து கலக்கவும் பழகினேன். ஜப்பான் சண்டை வருவதற்கு ஓராண்டு முன்பு, புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு இரண்டாவது டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வந்து சேர்ந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார்; மற்ற நாட்களில் லயத்து வரிசை வீடுகளிலிருந்த தொழிலாளிகளுக்கு டாக்டர், டிரஸர்தான்.

எனக்கு மேலே பெரிய டிரஸராக இருந்தவர் ஞானமுத்து. திருநெல்வேலிக்காரர், ஒல்லியான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் திட்டமாட்டார். நம் கண்முன்னே அந்த வேலையை முதலிலிருந்து தானே செய்வார். சேர்ந்த முதல் மாதம், தண்ணீரை ஏழு நிமிடத்தில் இறக்கிவிட்டேன். வெளியே ரப்பர் பால் நிறுத்துவிட்டு வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஞானமுத்து வந்தார். பானையைத் தூக்கினார். முழுவதையும் கால்வாயில் கொட்டினார். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, முக்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"சார், எல்லாரும் தாகத்துல நிக்கிறாங்க" என்றேன்.

"தெரியும். வயித்தால போயி சாகப்போறவனுக்கு இன்னும் தாகமா இருக்கும்" என்றார். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்த புதிதில் கிணற்றில் நஞ்சு கலக்கிறான், மருந்தில் நஞ்சு வைக்கிறான் என்று லயங்களில் வதந்தி பரவியது. மக்கள் எங்கள் பானையைப் பார்த்தே பயந்தார்கள். ஞானமுத்து தோட்ட ஆஸ்பத்திரி முன்னால் பெஞ்சில் பானையை வைத்து, எல்லாரும் பார்க்க முதல் குவளையைத் தான் குடித்தார். குடித்துவிட்டுக் குவளையைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு வரிசை நகர்ந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நடுப்பகலில் டிரஸர் குடித்துக் குவளையைக் கவிழ்க்காமல் யாரும் பானை அருகே வரமாட்டார்கள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் ஆண்டில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் ஏற்றினார்கள். யாரும் திரும்பவில்லை. பிறகு ஆண்கள் லோரிச் சத்தம் கேட்டாலே தோட்டத்துக்குப் பின்னாலிருந்த குன்றில் போய் ஒளிந்துகொண்டார்கள். சிலர் பகல் முழுக்க அங்கேயே கிடந்தார்கள்.

அது பால்மரம் இலை உதிர்க்கும் காலம். எங்கள் கெடாவில் அந்த இரண்டு மூன்று மாதம் மழை கிடையாது. மரங்கள் மொட்டையாக நிற்கும், நிழல் கிடையாது, குன்றிலிருந்த ஓடை காய்ந்துவிடும். ஒளிந்திருந்தவர்களுக்குப் பசியைவிடத் தாகம்தான் கொடுமை. ஆனால் இலை இல்லாததால் ஒரு வசதி. குன்றின் சரிவிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிப் பெஞ்சு தெரியும். தோட்டத்தில் ஜப்பான்காரன் இருந்தால் ஞானமுத்து பானையைத் திறக்கமாட்டார். இல்லையென்றால் குடித்துக் குவளையைக் கவிழ்ப்பார். ஆட்கள் இறங்கி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். இப்படி ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் சிப்பாய்கள் லோரியோடு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஞானமுத்து மூடிய பானை பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றார். உதடு வெடித்திருந்தது. ஒரு சிப்பாய் பானையைக் காட்டிக் கேட்டான். அவர் இடுப்பை வளைத்து வணங்கி, உள்ளே போய்க் கூஜாத் தண்ணீரை எடுத்து வந்து கொடுத்தார். பானையைத் தொடவில்லை. லோரி போன பிறகுதான் குடித்தார்.

சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கடைசியாக இருந்த சிலவற்றை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. ஐந்தாம் நாள் இறந்தார். அவருடைய கைக்கடிகாரத்தை நான் கட்டிக்கொண்டேன். பானையும் பெஞ்சும் என் பொறுப்புக்கு வந்தன.

இனி எழுதப்போவதை இத்தனை ஆண்டுகளில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. அவள் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

ஞானமுத்து இறந்து இரண்டு வாரமிருக்கும். காலையில் பெரிய கிராணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோட்ட ஆபீசை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஜப்பான் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றார். சட்டை முழுக்க வியர்வை.

"தம்பி, பன்னெண்டு தலை குறையுது. இன்னிக்குள்ள காட்டலேன்னா ஆபீசையும் ஆஸ்பத்திரியையும் சேத்து ஏத்திடுவேன்னுட்டான். அப்படின்னா நானும் நீயும்தான்."

"அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே."

"எங்க இருந்தா என்ன? நீ குடிச்சா வருவாங்க."

அவர் தொடர்ந்தார். "லோரிய ரோட்டுலயே நிறுத்தியாச்சு. சிப்பாயிங்க வெள்ளன வந்து புகைக்கூண்டுக்குள்ள உக்காந்திருக்கானுங்க. நீ ஒண்ணும் புதுசா செய்ய வேணாம். தெனம் செய்யுறதச் செய். அவ்வளவுதான்." கதவைத் திறந்து போனார்.

புகைக்கூண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே நாற்பது அடியில். ரப்பர்த் தகடு உலர்த்தும் கட்டடம், ஜன்னல் கிடையாது. அந்த நாட்களில் அங்கே அடுப்பு எரியவில்லை.

என் முதுகில் யாரும் துப்பாக்கி வைக்கவில்லை. இதை நான் தெளிவாக எழுத விரும்புகிறேன். நடுப்பகல் வரை எனக்கு நான்கு மணி நேரம் இருந்தது. பானையைத் திறக்காமல் நின்றிருக்கலாம். ஆட்கள் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எலுமிச்சை கிடைக்கவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என்னை ஏற்றியிருப்பார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சயாமிலிருந்து யாரும் திரும்பவில்லை என்பது எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். காலராவும் புண்ணும் மனிதனை என்ன செய்யும் என்று படித்தவன். பயந்தேன். அடுப்பை மூட்டினேன்.

அன்றைக்கு நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். ஞானமுத்துவின் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். இலைகளைக் கொதிநீரில் முக்கினேன். பெண்டாங்கிலிருந்து ஒரு மலாய்க்காரர் கொண்டுவந்து கொடுத்த நிசான் கட்டி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைக் குழந்தைகளுக்காக வைத்திருந்தேன். அன்று அது முழுவதையும் கரைத்துவிட்டேன். ஏன் என்று இத்தனை காலம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

பானையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தேன். வரிசையில் முதலில் நின்றவள் அஞ்சலை. மரவள்ளிக் காட்டில் வேலை செய்தவள், ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் புருஷன் காத்தமுத்து மூன்று நாளாகக் குன்றில் இருந்தான். தகரக் குவளையைப் பிடித்துக்கொண்டு அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஐயா, நெசமாவே யாரும் இல்லீங்களா? அவரு இன்னிக்கு எறங்க மாட்டேன்னாரு. என்னமோ மனசு சரியில்லையாம். நாந்தான், நாக்கு வறண்டு செத்துப்போயிருவீங்க, நான் கூப்புடுறேன் வாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

குவளையை எடுத்துக் குடித்தேன். கவிழ்த்து வைத்தேன்.

அஞ்சலையின் முகம் தெளிந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் குன்றைப் பார்த்து இரண்டு முறை வீசினாள்.

பதினான்கு பேர் இறங்கி வந்தார்கள். காத்தமுத்து கடைசியாக வந்தான். நன்றாகப் பேசுகிறவன், யாரையும் விடமாட்டான். ஒரே மூச்சில் ஒரு குவளை குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"என்னங்கய்யா, இனிப்பு இன்னிக்குத் தூக்கலா இருக்கு? பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். "பொண்ணு பாத்தா நமக்கு ஏண்டா இனிப்புக் குடுக்கிறாரு, மாமனாருக்குல்ல குடுப்பாரு" என்றான் ஒருவன். "அப்ப நாந்தான் மாமனார், ஊத்துங்க மாப்ள" என்று காத்தமுத்து குவளையை நீட்டினான். நான் ஊற்றினேன். இரண்டாவது குவளையில் பாதி குடித்திருப்பான், விசில் சத்தம் கேட்டது.

ஓட இடமில்லை. இரண்டு பக்கமும் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு போதும் என்று யாரும் நிறுத்தவில்லை; பதினான்கு பேரையும் உட்கார வைத்துக் கையைக் கட்டினார்கள். அதிகாரி பெஞ்சருகே வந்தான். நான் வணங்க மறந்து நின்றிருந்தேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். கீழே விழுந்தேன். அவ்வளவுதான் நடந்தது. வணங்காததற்கு அடித்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை.

"அவர அடிக்காதீங்க! டிரஸர் ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது! நாங்கதான் தண்ணி கேட்டு வந்தோம்!" என்று காத்தமுத்து தரையில் உட்கார்ந்தபடியே கத்தினான். ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் லயத்து மக்கள்.

ரோட்டுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். லோரி போன பிறகு பெண்கள் வந்து என் கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டார்கள். "பாவம், புள்ளைய இப்படி அடிச்சுட்டானே" என்று ஒருத்தி அழுதாள். நான் அவர்களைத் தடுக்கவில்லை.

ஒரு வாரம் பானையை எடுக்கவில்லை. எட்டாம் நாள், பிள்ளைகள் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கிறார்கள், மறுபடி காய்ச்சுங்கள் என்று வந்து கேட்டார்கள். காய்ச்சினேன். வரிசையில் வந்து நின்றார்கள். நான் குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். குடித்தேன்.

சண்டை முடிந்து மூன்று பேர் திரும்பினார்கள். காத்தமுத்து மழைக்காலத்தில் ஒரு முகாமில் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான் என்று அவர்களில் ஒருவன் சொன்னான். அதே மாதம் லயத்து ஆட்கள் பெரிய கிராணியைப் பெரட்டுக் களத்துக்கு இழுத்து வந்தார்கள். விறகுக் கட்டையால் அடித்தார்கள். "டிரஸரக் கேளுங்கடா! அவனுக்கும் தெரியும்டா! அவனக் கேளுங்க!" என்று அவர் அலறினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற அஞ்சலை முன்னால் வந்தாள்.

"ஐயா மேல பழி போடாத. அவரு அடி வாங்குனத இந்தக் கண்ணால பாத்தேன். எம் புருசனே சொல்லிட்டுப் போயிருக்காரு, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு." குனிந்து மண்ணை அள்ளிக் கிராணியின் முகத்தில் வீசினாள்.

கிராணியின் கால் முறிந்துவிட்டது. அதற்குக் கட்டுப் போட்டவன் நான். என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். நான்கு நாள் கழித்து யாரோ மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. அவர் செய்தது குற்றம். ஆனால் சொன்னது உண்மை.

அதே தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலுமாக இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தேன். எத்தனையோ பிரசவம் பார்த்தேன், பாம்புக்கடிக்கு ஊசி போட்டேன். நல்ல டிரஸர் என்று பேர் வாங்கினேன். வேலைவிட்டுப் போகும்போது மாலை போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பேசிய ஒவ்வொருவரும் நான் ஜப்பான்காரனிடம் அறை வாங்கியதைச் சொன்னார்கள். கூட்டத்தில் அஞ்சலை கைதட்டினாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு அம்மை குத்த வந்த முதல் நாளே என்னிடம் சொன்னாள்: "நாந்தாங்க அவரக் கூப்புட்டேன். வரமாட்டேன்னவர நான் துணிய வீசிக் கூப்புட்டுப் புடிச்சுக் குடுத்துட்டேன்." நான் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "உம்மேல தப்பு இல்லம்மா, எல்லாம் நேரம்" என்றேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதையே சொல்வாள். ஆண்டுக்கு ஒருமுறையாவது நானும் அதையே சொல்வேன். அவளுடைய பாரத்தை இறக்க என்னிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் என் பேர் போய்விடும். பேரை வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் மகள் பாக்கியம் ஆள் அனுப்பினாள். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், உங்களைக் கேட்கிறார் என்று. போனேன். அஞ்சலை எலும்பாகக் கிடந்தாள். பாக்கியம் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எனக்குப் பயமா இருக்கு."

"என்னம்மா பயம்?"

"மேல போனா அவரு இருப்பாருல்ல? ஏண்டி கூப்புட்டேன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீ இல்லம்மா" என்றேன்.

"பின்ன யாருங்க?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியமும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். எனக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பயப்படுவதற்கு இனி எதுவும் இல்லை. "ஜப்பான்காரன்தாம்மா" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்கு எதற்கும் உதவவில்லை என்று தெரிந்தது. இரண்டு நாளில் இறந்துவிட்டாள்.

இதுவரை எழுதியதை மலர்க்குழுவுக்கு அனுப்புவதற்கு முன் பாக்கியத்தின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே நின்றேன். படிக்கத் தொடங்கும்போது உட்காரச் சொன்னாள்; பாதியைத் தாண்டிய பின் தலை நிமிரவில்லை. கடைசித் தாள் வரை படித்து முடித்து, ஓரங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள்.

"இத அப்படியே போடுங்க. அப்பா பேர மாத்தாதீங்க" என்றாள்.

தாள்களை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கியும் அவள் கை விடவில்லை.

"அம்மா கேட்டாங்கள்ல ஐயா. நானும் அங்கதான நின்னேன். யாருன்னு கேட்டாங்கள்ல. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.